ஊசிக்கும் காப்பிற்கும் இடையே பத்து நாட்கள்



“ஹஜ்ரத், மூளைக்காய்ச்சல் ஊசியை நாளைக்குப் போட்டுக்கொள்கிறேன். சான்றிதழில் தேதியை மட்டும் பத்து நாள் முன்னதாக எழுதி வாங்கினால் தவறா?” உம்ராவுக்குப் புறப்பட நான்கு நாட்களே இருந்த நிலையில், என் மாணவர் ஒருவரின் தந்தை இவ்வாறு கேட்டார்.

பொய்யான தேதி பொய்தான். அதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் சவூதி அரசு விதித்துள்ள பத்து நாள் நிபந்தனையை வெறும் அலுவலக நடைமுறை என்று அவர் எண்ணியதே என்னை எழுதத் தூண்டியது. ஊசி ஏறிய அன்றே காப்பு வந்துவிடுவதில்லை. கிருமியின் மேலுறையை உடல் இனங்கண்டு, போதிய எதிர்ப்பொருளை இரத்தத்தில் சேர்க்க ஏறத்தாழ அத்தனை நாட்கள் ஆகின்றன.

உடலுக்கு நினைவாற்றல் உண்டே என்று சிலர் வினவலாம். ஹெபடைடிஸ் பி போன்ற நோய் வாரக்கணக்கில் மெல்ல வளர்வதால், எதிர்ப்பொருள் குறைந்திருந்தாலும் நினைவணுக்கள் விழித்தெழ அவகாசம் கிடைக்கிறது. மூளைக்காய்ச்சல் கிருமியோ தொற்றிய சில நாட்களிலேயே ஆளைச் சாய்த்துவிடும். எதிர்ப்பொருள் முன்னரே இரத்தத்தில் காத்திருக்க வேண்டும். சில ஆண்டுகள் கழிந்தபின் ஊசியைப் புதுப்பிக்கச் சொல்வதும் இதனாலேயே.

எதிர்ப்பொருள் இருப்பது மட்டும் போதாது. வந்த கிருமிக்கு உரியதாகவும் அது இருக்க வேண்டும். 1987 ஹஜ்ஜின்போது ‘ஏ’ வகை பரவியபின் ஊசி கட்டாயமாயிற்று. 2000இல் ஹாஜிகள் பலர் ‘ஏ’, ‘சி’ வகைகளுக்கான ஊசியைப் போட்டிருந்தனர். வந்ததோ ‘டபிள்யூ 135’. அது திரும்பிய ஹாஜிகளின் தொண்டையில் தங்கி, பிரிட்டனிலும் பிரான்சிலும் ஹஜ்ஜுக்கே செல்லாத குடும்பத்தினரையும் தாக்கியது. ஜம்ஜம் நீரும் பேரீச்சம்பழமும் வாங்க ஓடிவரும் பேரப்பிள்ளைகளை எண்ணிப்பாருங்கள். 2002 முதல் நான்கு வகைகளுக்குமான ஊசி கட்டாயம்.

அந்தச் சகோதரர் பயணத்தை இரண்டு வாரம் தள்ளிவைத்தார். விமானக் கட்டணத்தில் ஒரு பகுதியை இழந்தார். அதைச் சிறு இழப்பென்று நான் கூறமாட்டேன். அவரை அந்நிலைக்குத் தள்ளியதில் பயண ஏற்பாட்டாளருக்கும் பங்குண்டு. பாஸ்போர்ட்டை வாங்கும் அன்றே ஊசியைப் பற்றியும் அவர்கள் சொல்லிவிட்டால் என்ன?