தட்டில் செத்த செல்லும் வாட்ஸ்அப்பில் வந்த ஊசியும்

"மரபணுவை மௌனமாக்கினால் கதிர்வீச்சில் ஈரல் புற்றுநோய் அழியும்" என்ற ஃபார்வர்டைக் காட்டி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கமிருந்தெல்லாம் வந்து கேட்கிறார்கள்: "டாக்டர், இந்த ஊசி பாளையங்கோட்டையில போடுவாங்களா?"

இல்லை அண்ணாச்சி. அப்படியொரு ஊசி எங்கேயுமே சிகிச்சைக்கு வரவில்லை.

அறிவியல் பொய்யில்லை. கதிர்வீச்சு புற்றுசெல்லின் டிஎன்ஏவை உடைக்கும். செல் அதை ரிப்பேர் பார்த்து எழுந்துவிடும். டோஸைக் கூட்டலாமே என்றால், முழு ஈரலும் தாங்குவது சுமார் 30 கிரேதான். சுருங்கின ஈரல் அதைக்கூடத் தாங்காது. அதனால் ரிப்பேர் பார்க்கும் மரபணுவின் வாயைக் குட்டி ஆர்என்ஏ துண்டால் அடைத்து, குறைந்த கதிரிலேயே செல்லைக் கொல்லப் பார்க்கிறார்கள். இந்த வழியைக் கண்டுபிடித்த ஃபயர், மெல்லோ இருவருக்கும் 2006-ல் நோபல் கிடைத்தது.

ஆனா எங்கே கொன்றார்கள்? பெரும்பாலும் ஆய்வகத் தட்டில், மிஞ்சிப்போனால் எலியில். பல ஆய்வுகளில் வரும் ஹெப்ஜி2 செல், 15 வயதுப் பையன் ஒருவனின் கட்டியிலிருந்து வளர்த்தது. குடியாலோ ஹெபடைட்டிஸ் பி-யாலோ ஈரல் கல்லாகிப்போய் நம்மிடம் வருகிறவருக்கும் அதற்கும் வெகுதூரம்.

"2018-லேயே ஆர்என்ஏ மருந்து வந்தாச்சே?" வந்தது, பாட்டிசிரான். அது ஈரல் உண்டாக்கும் ஒரு புரதத்தைக் குறைத்தால் போதும். சில செல்கள் தப்பினாலும் பாதகமில்லை. புற்றில் தப்பின செல்தான் மறுபடி கட்டியாகும். மருந்து நல்ல செல்லின் ரிப்பேரையும் அடைத்துவிட்டால், கதிர் அதையும் சேர்த்துக் கருக்கும். இதையெல்லாம் ஒரு வரிகூடச் சொல்லாம "மருந்து வந்தாச்சு"ன்னு தலைப்பு போடுறாங்க பாருங்க, அவங்க மேலதான் எனக்குக் கோபம். அதை நம்பி நீங்க காத்திருப்பீங்க, கட்டி காத்திருக்காது.

கையில் இருப்பதை யாரும் ஃபார்வர்ட் பண்ணுவதில்லை. தைவான் 1984-ல் பச்சைக்குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை ஆரம்பித்தது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஈரல் புற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதே ஊசி நம்ம அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், பிறந்த 24 மணி நேரத்துக்குள். ஈரல் சுருக்கம் இருக்கிறவங்க ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தால், கட்டி சின்னதா இருக்கும்போதே பிடிக்கலாம்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தா தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்க. பிறந்த அன்றைய கட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி குறித்திருக்கா? விட்டுப்போயிருந்தா, 6, 10, 14-வது வாரங்களில் போடும் பென்டாவேலன்ட்டில் அந்தத் தடுப்பு மருந்தும் இருக்கு. மூணையும் தவறாமப் போட்டுருங்க.