கோபுரத்தைத் தாண்டி ஓடுபாதை

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்துக்குள் நுழைந்ததும் கோபுர வண்ணங்களும் கோலமும் ஸ்ரீரங்கத்துச் சாயலும் கண்ணை நிறைக்கின்றன. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த கட்டடம். நெரிசல் வேளையில் 3,500 பேரைத் தாங்கும். பெருமைதான். ஆனால் இந்த நிலையத்தை வாழவைப்பவர்கள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போகும் டெல்டா, புதுக்கோட்டைப் பிள்ளைகள். நள்ளிரவில் பெட்டியோடு இறங்கும் அவர்களுக்கு வாசலிலேயே ஊர்ப் பேருந்து வேண்டும். வழியனுப்ப வந்த தாய்க்கு உட்கார நிழல் வேண்டும். ஓடுபாதையோ இன்னும் எட்டாயிரத்துச் சொச்சம் அடிதான். பெரிய விமானங்கள் முழுப் பாரத்தோடு எழ அதை நீட்டித்தே ஆக வேண்டும். நிலம் கையகப்படுத்தும் பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது போதும்.