பிசியாலஜி படிச்சவளுக்கு வழி சொல்ல ஆள் இல்ல

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வரல. இன்னைக்கு மொக்கை கிடையாது மக்களே, கோவம்.

எங்க சித்தி பொண்ணு பி.எஸ்சி. விலங்கியல் முடிச்சிட்டு 2019ல ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில எம்.எஸ்சி. மெடிக்கல் பிசியாலஜி சேர்ந்தா. மூணு வருஷப் படிப்பு. "எம்.பி.பி.எஸ். பசங்களுக்கே பாடம் எடுக்கலாம்மா"ன்னு சொல்லித்தான் சேர்த்தாங்க. அன்னைக்கு அது பொய் இல்ல. பிசியாலஜி துறையில 30 சதவீதம் வரைக்கும் டாக்டர் அல்லாதவங்க ஆசிரியரா இருக்கலாம்னு விதி இருந்துச்சு.

2020ல தேசிய மருத்துவ ஆணையம் அதை 15 ஆக்கிடுச்சு. பாதிக் கதவு சாத்தியாச்சு. அவளைக் கூப்பிட்டு உக்கார வச்சு "விதி மாறிடுச்சும்மா, இப்பவே மாத்து வழி யோசி"ன்னு சொல்ல ஒருத்தர் இல்ல. வெறும் எம்.எஸ்சி.க்கு ட்யூட்டர் வேலைதான், உதவிப் பேராசிரியர் ஆகணும்னா பிஎச்.டி. வேணும்ங்கிறதே அவளுக்குக் கடைசி வருஷம்தான் தெரியும்! கேட்டப்பல்லாம் கிடைச்ச பதில், "முதல்ல படிச்சு முடி, அப்புறம் பாத்துக்கலாம்."

2025ல விதியை மறுபடி தளர்த்தினாங்க. அதுக்குள்ள அவ மெடிக்கல் கோடிங்ல உக்காந்தாச்சு. நல்ல வேலைதான், குறை சொல்லல. ஆனா அதுக்கு பி.எஸ்சி.யே போதுமே அண்ணாங்கிறா. என்ன பதில் சொல்றது?

"நெட்ல தேடியிருக்கலாமே"ன்னு பின்னூட்டம் போட வர்றவங்களுக்கு: என்ன தேடணும்னு தெரிஞ்சாத்தானே தேட முடியும்? வீட்ல முதல் தலைமுறைப் பட்டதாரி அவ. ஃபீஸ் கட்ட வேண்டிய கடைசித் தேதியை மட்டும் கல்லூரி மறக்காம சொல்லுச்சு.

எங்க ஆபீஸ்ல ஒரு தம்மாத்தூண்டு பக் வந்தாக்கூட அது யார் பேர்ல இருக்குன்னு தெரியும். ஒரு பொண்ணோட மூணு வருஷம் யார் பேர்லயும் இல்ல. 'மென்டார்'னு கல்லூரிப் பதிவேட்டுல ஒரு பேர் இருந்துச்சாம். மூணு வருஷத்துல அவர் பண்ணது வருகைப் பதிவுல கையெழுத்து.

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. வருஷத்துக்கு ரெண்டு தடவை, அரை மணி நேரம். இந்தப் படிப்புக்கு வைத்தியம் பார்க்க உரிமை இல்ல, ஆசிரியர் வேலைக்கு இவ்வளவுதான் இடம், ஆராய்ச்சிக்கு இது வழின்னு உண்மையைச் சொல்ற ஒரு ஆள். அதையும் சேர்றதுக்கு முன்னாடியே சொல்லணும். சொன்னா சீட் நிரம்பாதா? அப்ப நிரம்ப வேணாம் சார்.

டிஸ்கி: பிசியாலஜியை நான் குறை சொல்லல. இதயம் எப்படித் துடிக்குதுன்னு அவ சொல்லிக் கேக்கணும் நீங்க. அப்படி ஒரு வாத்தியாரைத்தான் இழந்திருக்கோம்.