'எங்க வம்சமே சக்கர' என்பவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். கோபமும் கொஞ்சம் உண்டு.

போன வாரம் ஏம்பலத்தில் ஒரு வளைகாப்பு. பந்தியில் என் எதிரே இருந்த மாமா இரண்டாம் முறையாகப் பாயசம் வாங்கிக்கொண்டு, "எங்க அப்பாவுக்குச் சக்கர, அம்மாவுக்குச் சக்கர. எனக்கும் வந்தே தீரும், எதுக்கு வாயக் கட்டணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வரிசையில் இருந்த சற்றுப் பருமனான பெண்ணுக்கு (என் மாணவி) "சோத்தக் கொறச்சிக்கம்மா" என்று உபதேசமும் அவரே செய்தார். தனக்கென்றால் வம்சம், அவளுக்கென்றால் வாய். இது என்ன நியாயம்?

இதில் என் தப்பும் இருக்கிறது. மெண்டலின் பட்டாணியை அத்தனை வருஷம் உருப்போட வைத்தேன். நெட்டை, குட்டை என்று ஒரே காரணியில் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பிவிட்டீர்கள். சர்க்கரை பட்டாணி அல்ல. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிவிடுகின்றன. உடல் எடையில் பேர்போன எஃப்டிஓ மரபணு 2007இல் தெரியவந்தது. அதன் எடை கூட்டும் வகையைத் தாய், தகப்பன் இருவரிடமும் வாங்கியவர்கள், வாங்காதவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 3 கிலோதான் கூடுதல். அதற்காக மரபு பொய் என்று சொல்லவில்லை. ஒரே சாப்பாட்டில் ஒருத்திக்கு எடை ஏறும், இன்னொருத்திக்கு ஏறாது. அந்தப் பெண்ணைக் கேலி செய்யும் முன் இதை யோசியுங்கள்.

ஒல்லியாக இருப்பவர்களும் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. "ஒல்லிப்பிச்சான், எனக்கெதுக்கு டெஸ்ட்" என்கிற தம்பிகள் அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள்.

இனி வம்சக் கதைக்கு வருவோம். ஐசிஎம்ஆரின் இண்டியாப் ஆய்வு 2023இல் வந்தது. புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. கோவாவுக்கு அடுத்து நாம்தான். தமிழ்நாட்டில் 14.4. நாம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கடலூர், விழுப்புரம் பக்கம்தானே? மதகடிப்பட்டு எல்லையில் மரபணு நின்றுவிடுகிறதா? 'புதுச்சேரி நகரம் மிகுந்த இடம், இங்கே கணக்கெடுத்ததும் பல வருஷம் கழித்து' என்று யாராவது சொல்வீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். நகரமும் காலமும்தான் மாறியிருக்கின்றன, ரத்தம் மாறவில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போன நம் ஆயாவின் மரபணுதான் நமக்கும். ஆயா அரிசியும் கூழும் சாப்பிட்டு அதை வயலில் கரைத்தது. நாம் பால் வாங்கத் தெருமுனைக்கு வண்டி எடுக்கிறோம்.

சென்னை டாக்டர் மோகன் குழுவினர் ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள். நூற்றுக்குத்தான், ஆனால் இதில் அதிகம் வாங்கினால் ஃபெயில். 60 தொட்டால் ஆபத்து அதிகம். அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை இருந்தால் 20. வயது 50 தாண்டினால் 30. மாற்ற முடியாதது இவ்வளவே, கூட்டினால் 50. மிச்ச 50 தொப்பைக்கும் உட்கார்ந்தே கிடப்பதற்கும்.

சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்களைச் சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு மூன்று வருஷம் கவனித்து, 2006இல் வெளியிட்டது. வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வந்தது. நடையையும் சாப்பாட்டையும் மாற்றியவர்களில் 39 பேருக்கு. மாற்றியும் 39 பேருக்கு வந்ததே, அவர்களைத் திட்டாதீர்கள். தப்பித்த 16 பேரைப் பார்த்து வாயைக் கட்டுங்கள்.

எனக்கு இதைவிட ஆத்திரம் வேறொன்றில். பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், சம்பந்தி வீட்டில் சர்க்கரையை மறைக்கிறோம். மாத்திரையை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்து விழுங்கும் அத்தைமார் எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளைக்கே தெரியாது. தெரியாத பிள்ளை 25 வயதில் ஏன் ரத்தம் கொடுத்துப் பார்க்கப் போகிறான்? அரசுத் திட்டத்தில் 30 வயதிலிருந்து பார்க்கிறார்கள். பெற்றோருக்கு இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. இன்று ராத்திரியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

மாமா, இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். கோபித்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்பேன், ஏரிக்கரை வரை நடக்கலாம். தையல் டேப்பும் கொண்டுவருகிறேன், இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்ப்போம். எனக்கு 94.