வேலையை விட்டா 2 வருஷம் கோச்சிங் கொடுக்கக் கூடாதா? அகாடமி ஒப்பந்தம் பற்றி சட்டம் சொல்வது என்ன?

ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி, சிந்தாமணியில் புதிய கிரிக்கெட் மைதானம் என 2025-ன் கடைசி மாதங்களில் மதுரை விளையாட்டுச் செய்திகளில் அதிகம் அடிபட்டது. ஆனால், விடியற்காலையிலேயே விசிலோடு மைதானத்தில் நிற்கும் கோச்களின் கவலை வேறு. தனியார் அகாடமியில் சேரும்போது நீட்டப்படும் ஒப்பந்தத்தில், 'வேலையை விட்ட பிறகு 2 ஆண்டுகளுக்கு 10 கிலோமீட்டர் சுற்றளவில் பயிற்சி தரக் கூடாது' என்று ஒரு வரி இருந்தால் என்ன ஆகும்?

ரேஸ்கோர்ஸ் மைதானத்தை மையமா வச்சு 10 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்க. ஆனையூர், ஒத்தக்கடை, வில்லாபுரம், பைபாஸ் ரோடு எல்லாமே உள்ளே வந்துடும். மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம்னு போனாத்தான் பிழைப்பு. ஐ.டி. ஊழியர் போல கம்பெனி மாறி, ஊர் மாறிப் போகிற வேலை இல்லை இது. ஒரு ஏரியாவில் பெற்றோர்கள் மத்தியில் எடுத்த நல்ல பேர்தான் கோச்சின் மொத்த முதலீடு.

அந்த வரி செல்லுமா?

வேலையை விட்ட பிறகு என்றால், செல்லாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 27-வது பிரிவுப்படி, ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. '2 வருஷம்தானே, 10 கிலோமீட்டர்தானே' என்ற வாதமும் இங்கே எடுபடாது.

விளையாட்டு உலகிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் பெர்செப்ட் டி'மார்க் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2003-ல் முடிந்தது. அதன் பிறகும் தங்களைக் கேட்காமல் வேறு நிறுவனத்தோடு அவர் கையெழுத்திடக் கூடாது என்றது பெர்செப்ட். காலம் முடிந்த பிறகு அந்த நிபந்தனை செல்லாது என 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சிக்கல் எங்கே?

ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே கிளம்புவதில்தான். 5 ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து பாதியில் போட்டி நிறுவனத்துக்குப் போன நிரஞ்சன் கோலிகாரிக்கு, மீதிக் காலத்துக்குப் போட்ட தடையை 1967-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆக, சுற்றளவைவிட 'எத்தனை வருஷ ஒப்பந்தம்' என்ற வரியைத்தான் கோச் முதலில் பார்க்கணும்.

அடுத்தது பாண்ட் பணம். 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு வங்கி ஆள் எடுக்க ஆகும் செலவை அதற்குக் காரணமாகக் காட்டியது. கோச்சை லைசென்ஸ் கோர்ஸுக்குத் தன் செலவில் அனுப்பிய அகாடமி அந்தப் பணத்தைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எதுவுமே செலவழிக்காமல் லட்சக்கணக்கில் கேட்டால் அது மிரட்டல்தான்.

அமெரிக்காவில் இத்தகைய நிபந்தனைகளுக்கு நாடு முழுக்கத் தடை கொண்டுவர 2024-ல் விதி போட்டார்கள். டெக்சாஸ் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த வகையில் நம்ம பழைய சட்டமே தெளிவு.

ஆனால் சட்டம் பக்கம் இருந்தும், வக்கீல் நோட்டீஸ் வந்ததுமே பயந்து புது பேட்சை நிறுத்திவிடும் கோச்தான் நிஜத்தில் தோற்கிறார். நோட்டீஸ் என்பது கோர்ட் உத்தரவு இல்லை. வக்கீல் மூலம் பதில் அனுப்பலாம். கட்டணம் கட்ட முடியாதவர்கள், வருமான வரம்புக்குள் இருந்தால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.