முடிந்துபோன வரிசை

விளையாட்டுப் பொருள் ஒன்றின் உற்பத்தி நின்றுவிட்டால் அதற்காக யாராவது துக்கம் காப்பார்களா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். காப்பவர் உளர். அமெரிக்காவிலே நரை கண்ட மனிதர் பலர், 1986ஆம் ஆண்டில் நின்றுபோன ஒரு பாவை வரிசையை எண்ணி இன்றும் பெருமூச்செறிகின்றனர்.

அவ்வரிசையின் பெயர் 'சூப்பர் பவர்ஸ்'. ஒகையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் இயங்கிய கென்னர் கம்பனி 1984இல் அதனை வெளியிட்டது. சூப்பர்மான், பேட்மான் முதலிய சித்திரக்கதை வீரரும் அவர்தம் பகைவருமாக முதற்கண் வந்தவர் 12 பேர். ஐந்து அங்குல உயரமும் இல்லாத பிளாஸ்டிக் பாவைகள்தாம். ஆயினும் அவற்றுள் ஒரு சூட்சுமம் இருந்தது. சூப்பர்மானின் கால்களைச் சேர்த்து அழுத்தினால் அவன் கை ஓங்கிக் குத்தும். மின்னலென ஓடும் பிளாஷின் கைகளை அழுத்தினாலோ கால்கள் ஓடும். பிள்ளைகள் மயங்கியதில் வியப்பென்ன?

இரண்டாம் ஆண்டில் டார்க்சைட் என்னும் கொடியோன் தன் பரிவாரத்துடன் வந்து சேர்ந்தான். அவனைப் படைத்தவர் ஜாக் கேர்பி என்னும் ஓவியர். 1941இல் ஜோ சைமனுடன் சேர்ந்து 'கப்டன் அமெரிக்கா'வை உருவாக்கியவரும் அவரே. அக்காலத்துச் சித்திரக்கதை ஓவியருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கிடைக்கும். படைப்பின் உரிமையோ பதிப்பாளரைச் சேரும். டீ.சீ. நிறுவனம் இப்பாவைகளுக்காக அவ்வுருவங்களைத் திருத்தி வரையும் பணியைக் கேர்பியிடமே ஒப்படைத்து, வருவாயில் அவருக்கும் ஒரு பங்கு கிடைக்க வழிசெய்தது. வாழ்நாளெல்லாம் கூலிக்கு வரைந்த கைக்கு, எழுபதை நெருங்கும் வயதில், ஒரு விளையாட்டுப் பாவை நியாயம் தேடிக் கொடுத்தது எனலாம். அவர் 1994இல் மறைந்தார்.

மூன்றாம் தொகுதி 1986இல் வந்தது. அத்துடன் வரிசை முடிந்தது. அடுத்து வரவிருந்த பாவைகள் வரைபடங்களாகவே நின்றுவிட்டன. உலகின் விந்தையைப் பாருங்கள்: இறுதித் தொகுதி முன்னவைபோல் எங்கும் பரவாமையால், அதில் வந்த சைபோர்க் முதலியன இன்று தேடிக் கிடைத்தற்கரியனவாகிவிட்டன. பிள்ளைகளின் கைக்கு அதிகம் எட்டாத பாவையையே பெரியோர் இன்று பெரும் பொருள் கொடுத்து வாங்குகின்றனர்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சூப்பர்மானின் மறுவடிவமான கிளார்க் கென்ற் என்னும் பாவை கடைகளில் விற்கப்படவில்லை. வாங்கிய அட்டைகளிலிருந்து அதற்கெனக் குறித்த துண்டுகளை வெட்டித் தபாலில் அனுப்பியவர்க்கே அவன் கிடைத்தான். அன்று சிறுவனாக ஆசையோடு அட்டையை வெட்டியவன், இன்று வெட்டப்படாத அட்டையைத் தேடி அலைகிறான்!

கிளார்க் கென்ற் உட்பட எல்லாமாக 34 பாவைகள். சேகரிப்போனுக்கு இந்த எண்ணே ஆறுதல். வளர்ந்துகொண்டே போகும் வரிசையை எவரும் முற்றாகச் சேர்த்தல் இயலாது. முடிந்துபோனதையே முழுமையாகச் சேர்க்கலாம். 2022இல் மக்பார்லேன் என்னும் கம்பனி இதே பெயரில் புதிய பாவைகளை வெளியிட்டது. பழைய அன்பர் அவற்றையும் வாங்கினர். ஆயினும் பழைய 34ஐ வேறாகவே வைத்துள்ளனர். ஏனெனில் அவை குழந்தைப் பருவத்தோடு தொடங்கி அதனோடேயே முடிந்தவை. இறுதிப் பாவையையும் வைத்தபின் தட்டிலே இடமிருக்கும்; வைப்பதற்குத்தான் வேறொன்றும் இராது.

பழையன கழிக்கும் நாளில் பிள்ளையின் விளையாட்டுப் பெட்டியை எறியப் புகும் பெற்றோரே, ஒரு கணம் தாமதியுங்கள். கை ஒடிந்த பாவையேயாயினும், எறியுமுன் அப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.