வண்டியில் ஒரு சிறு துளை

கோடை விடுமுறை வந்தால் மும்பையிலும் புனேயிலும் வாழும் நம்மவர் பலர் சொந்தக் காரிலேயே ஊருக்குப் புறப்படுகின்றனர். சதாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்பள்ளி, சித்திரதுர்க்கம், பெங்களூரு வழியாகச் செல்லும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், மும்பையிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். அவ்வழியில் நள்ளிரவில் கைப்பேசி அணைந்துவிட்டால் வழிகாட்டும் படமும் இல்லை. ஊரில் விழித்திருக்கும் பெற்றோருக்குச் செய்தி சொல்ல வகையும் இல்லை.

கைப்பேசிக்கு மின்சாரம் ஊட்டுவது காரின் முன்பலகையில் உள்ள சிகரெட் லைட்டர் சாக்கெட். புகைப்பவருக்கென அமைந்த அத்துளை இன்று புகையாதவருக்கே பெரிதும் பயன்படுகிறது, நல்ல மாற்றந்தான்! அது வேலை செய்யாமற் போனால் உடனே புதிது வாங்க விரைய வேண்டா. முறையாக ஆராய்ந்தால் பெரும்பாலும் சில ரூபாயில் காரியம் முடியும்.

முதலில் சாவியைத் திருப்பிப் பாருங்கள். பல வண்டிகளில் சாவி திரும்பினாலன்றி இத்துளைக்கு மின்சாரம் வாராது. அடுத்து, சார்ஜரை வேறொரு காரில் செருகிச் சோதியுங்கள். சில சார்ஜர்களின் முனையைத் திருகினால் உள்ளே ஒரு சிறு கண்ணாடி பியூஸ் இருக்கும். குறை அங்கேயே இருத்தலும் கூடும்.

சார்ஜர் நன்றாயிருப்பின், டார்ச் விளக்கால் துளையினுள் நோக்குக. குழந்தைகள் உள்ள வீட்டுக் காரில் நாணயமும் மிட்டாய்த் தாளும் அங்கே தஞ்சம் புகுவதுண்டு. துளையின் நடுப்புள்ளி நேர்மின் முனை. சுற்றுச்சுவர் எதிர்மின் முனை. நாணயம் இரண்டையும் தொட்ட கணமே பியூஸ் எரிந்துவிடும். அதனை எடுக்குமுன் சாவியை அகற்றி, அத்துளைக்குரிய பியூஸையும் கழற்றிவிடுக. சில வண்டிகளில் சாவி இல்லாதபோதும் துளையில் மின்சாரம் நிற்கும். இரும்புக் கம்பியோ ஸ்குரு டிரைவரோ உள்ளே நுழைத்தல் ஆகாது, மரக்குச்சி போதும்.

பியூஸ் பெட்டி ஸ்டீயரிங்கின் கீழோ, முன்மூடியின் அடியிலோ இருக்கும். எந்தப் பியூஸ் எதற்குரியது என்பதை வண்டியின் கையேடு கூறும். இத்துளைக்குப் பெரும்பாலும் 15 அல்லது 20 ஆம்பியர் பியூஸ் வைத்திருப்பர். 15 நீல நிறம், 20 மஞ்சள் நிறம். உள்ளேயுள்ள உலோக இழை அறுந்திருந்தால், அதே ஆம்பியர் கொண்ட புதியதைப் பொருத்துக.

இங்கேதான் நம்மவர் சிலர் செய்யத் துணியும் பெருந்தவறு ஒன்றுண்டு. வழியில் பியூஸ் கிடைக்கவில்லை என்று கம்பியைச் சுற்றுவதோ, 30 ஆம்பியர் பியூஸைச் செருகுவதோ கூடவே கூடாது. வயர் தாங்கும் அளவிற்கு ஏற்பவே பியூஸ் அமைக்கப்பட்டுள்ளது. காவலனை அகற்றினால் அடுத்து எரிவது வயர், அதன்பின் வண்டி. அதில் அமர்ந்திருப்போர் நம் மனைவி மக்கள் அல்லரோ?

புதிய பியூஸும், துளையில் ஒன்றும் செருகாதபோதே எரிந்தால், வயரில் பழுது உண்டு, மின்பணியாளரிடம் விடுங்கள். குறிப்பிட்ட கருவியைச் செருகும்போது மட்டும் எரிந்தால், கருவியில் பழுதிருக்கலாம். அல்லது சுமை மிகுதி. 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 120 வாட். கைப்பேசிக்கு அதில் சிறு பங்கே போதும். டயருக்குக் காற்றடிக்கும் பம்போ தனியே 10 ஆம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும். ஒரே துளையில் பிரிப்பான் வைத்து இரண்டையும் ஓட்டுதல் தகாது.

பியூஸ் நன்றாயிருந்தும் பயனில்லையெனில், மல்டிமீட்டரால் நடுப்புள்ளிக்கும் சுவருக்கும் இடையே அளந்து பார்க்கலாம். ஏறத்தாழ 12 வோல்ட் காட்டினால், முனைகளில் அழுக்கோ தளர்ச்சியோ காரணம். பியூஸைக் கழற்றியபின் உலர்ந்த துணியால் துடைக்கலாம். ஒன்றும் காட்டாவிடில், பின்புறத்து இணைப்பு கழன்றிருக்கலாம்.

பயணத்திற்கு முதல்நாளே இச்சோதனையை முடித்து, அதே அளவுள்ள பியூஸ் இரண்டினை வண்டியில் வைத்துக்கொள்வீராக. வழியில் கடையை நாட நேர்ந்தாலும் மொழி தெரியாதே என்று அஞ்ச வேண்டுவதில்லை. மராத்தியரும் கன்னடியரும் நாமும் அப்பொருளுக்கு வழங்கும் பெயர் ஒன்றே: பியூஸ்!